கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்து எங்கே வைப்பது?

கிறிஸ்துமஸ் மரம் எப்படி ஜோடிப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து, குடிலில் இருந்த சுரூபங்களைப் பஞ்சில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்த பிறகு அந்த மரத்தை என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தரிடமும் பதில் இருக்காது. குருத்தோலைக்குக்கூட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று வாங்கிவந்து வீட்டில் செருகி வைத்த ஓலையை அடுத்த வருடம் கோவிலில் திருப்பிக் கொடுத்தால், அதை எரித்த சாம்பலைத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுகிறார்கள். மரம் மந்திரித்த பொருள் இல்லை. அதனால் சட்டமும் இல்லை.

எங்கள் வீட்டில் இந்த வருடம் இது வெறும் அரட்டை இல்லை. அப்பா மின்வாரியத்தில் வேலை. வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதோடு லோயர் கேம்ப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கம்பத்தில் ஒரு மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு ரூம், ஒரு சின்ன மொட்டை மாடி, ஒரு சாண்கூட மண் கிடையாது. எங்களிடம் இருப்பதோ இரண்டு கிறிஸ்துமஸ் மரங்கள். ஒன்று பரண்மேல், பிளாஸ்டிக். இன்னொன்று வாசலில், தொட்டியில், உயிரோடு.

இரண்டுக்கும் முன்னால் சவுக்கு இருந்தது. நான் மூன்றாவது படிக்கிறவரை கூடலூர்ப் பக்கத் தோட்டத்து வரப்பிலிருந்து ஒரு சவுக்குக் கிளை வரும். மணல் நிரப்பிய பெயிண்ட் வாளியில் நட்டு, ஜிகினா சுற்றினால் முடிந்தது. தமிழ்நாட்டில் பாதிப்பேர் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் இதுதானே? வெள்ளைக்காரன் வீட்டு ஊசியிலை மரத்துக்குச் சவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. சவுக்கு பூக்கிற மரம். ஊசி ஊசியாகத் தெரிவது இலையே இல்லை, மெல்லிய பச்சைக் குச்சிகள். அதன் கணுக்களில் பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இலை. ஆனாலும் தூரத்தில் நின்று பார்த்தால் வேஷம் கச்சிதம்.

சவுக்கில் பெரிய வசதி, 'அப்புறம் என்ன செய்வது' என்ற கேள்வியே எழாது. பச்சையாக இருந்தாலே எரிகிற விறகு அது. ஜனவரி 6-ம் தேதி அப்பத்தா ஜிகினாவை உரித்துவிட்டு, கிளையை ஒடித்துக் கூரைமேல் காயப் போடும். சரியாக ஒன்பதே நாள். ஜனவரி 15 எங்கள் ஊருக்குப் பென்னிகுயிக் பிறந்தநாள் (1841). முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்து இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்ததற்கு நன்றியாக அன்றைக்கு ஊர் ஊராகப் பொங்கல் வைப்பார்கள். 2013-ல் இங்கேயே மணிமண்டபம் திறந்த பிறகு கூட்டம் இன்னும் அதிகம். அந்தப் பொங்கல் பானைக்கு அடியில் போனதுதான் எங்கள் கிறிஸ்துமஸ் மரம். அப்பத்தாவுக்கு இதில் தத்துவம் எதுவும் இல்லை. விறகு இருந்தது, எரித்தது, அவ்வளவுதான்.

2012-ல் அப்பா மதுரை டவுன்ஹால் ரோட்டில் நாலடி பிளாஸ்டிக் மரம் வாங்கி வந்தார். 900 ரூபாய். "இனி வருசா வருசம் அலைய வேண்டியதில்லை" என்றார். பி.காம் படிக்கிறவன் என்பதால் இதற்கு ஒரு கணக்குப் போட்டேன் (வேறு எதற்குத்தான் இந்தப் படிப்பு உதவப் போகிறது!). பத்து வருட ஆயுள், நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 90 ரூபாய் தேய்மானம். 2022-ல் புத்தக மதிப்பு பூஜ்யம். மரமும் அக்கவுண்டன்சி படித்திருக்கும் போல. மிகச் சரியாக அந்த வருடம்தான் அதன் கால் உடைந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்தில் கார்பன் டிரஸ்ட் என்ற அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஆறரை அடி பிளாஸ்டிக் மரம் ஒன்றின் கரியமில வாயுக் கணக்கு சுமார் 40 கிலோ. அதே உயர நிஜ மரத்தைக் குப்பைக் கிடங்கில் புதைத்தால் 16 கிலோ. எரித்தாலோ, அரைத்து மண்ணில் போட்டாலோ வெறும் மூன்றரைக் கிலோ. ஆக, வெட்டுவது பாவம், பிளாஸ்டிக் புண்ணியம் என்று நாம் நினைப்பது அப்படியே தலைகீழ். 40-ஐ மூன்றரையால் வகுத்தால் பதினொன்றரை வருகிறது. பிளாஸ்டிக் மரம் பன்னிரண்டாவது கிறிஸ்துமஸில்தான் லாபத்துக்கு வரும். எங்களுடையது பத்தில் பரணேறிவிட்டது. லண்டன் மரத்தின் கணக்கு கூடலூர்ச் சவுக்குக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் வரப்பில் ஒடித்த கிளைக்கு லாரி வாடகைகூடக் கிடையாது, அதனால் நம் சவுக்கு இன்னும் முன்னால்தான் நிற்கும் என்பது என் அபிப்ராயம்.

சரி, அந்த பிளாஸ்டிக்கை என்ன செய்வது? பழைய இரும்புக்காரர் நடுக்கம்பியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கிளையெல்லாம் முறுக்குக் கம்பியில் பி.வி.சி. சரிகையைக் கோத்தது. இரண்டையும் பிரிக்க ஆகிற கூலிக்குப் புது மரமே வாங்கலாம். "போகிக்குக் கொளுத்திருவோம்" என்று அம்மா சொன்னது. எங்கள் பக்கம் போகி என்றால் காப்புக் கட்டுதான். வேப்பிலை, ஆவாரம்பூ, கூரைப்பூ. சென்னை மாதிரி டயர் கொளுத்துகிற பழக்கம் பெரிதாகக் கிடையாது. (அங்கே 2018 போகியன்று புகையில் விமானங்களே இறங்க முடியாமல் போனது.) பி.வி.சி. எடையில் பாதிக்கு மேல் குளோரின். திறந்தவெளியில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் வரும். அப்பத்தாவுக்கு வீசிங் இருக்கிறது. இன்ஹேலர் இல்லாமல் டிசம்பரில் ஒரு ராத்திரி தாண்டாது. ஆகவே எரிப்பு யோசனை அன்றைக்கே தள்ளுபடி. அனுமந்தன்பட்டியில் இருக்கும் அத்தை வீட்டில் கேட்கிறார்கள். உடைந்த காலுக்குப் பதில் பழையபடி ஒரு மணல் வாளி. அங்கே இன்னும் இரண்டு கிறிஸ்துமஸ் நின்றால் அதன் கடன் தீரும்.

இனி மூன்றாவது. 2022 டிசம்பரில் மலை ஏறிக் குமுளிக்குப் போய் ஒரு நர்சரியில் வாங்கினோம். 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்றே பெயர் எழுதியிருந்தது. ஒன்றரை அடி. இன்றைக்கு என் நெஞ்சு உயரம். உண்மைப் பெயர் அரக்கேரியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவில் முளைக்கிற வகை ஒன்று, நியூ கலிடோனியாவில் முளைக்கிற வகை ஒன்று. நம் ஊர் நர்சரிகளில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். 1774-ல் கேப்டன் குக் நார்ஃபோக் தீவில் அந்த மரங்களைப் பார்த்துவிட்டு, கப்பல் பாய்மரத்துக்கு ஆகும் என்று ஆசைப்பட்டார். பிறகு வெட்டிப் பார்த்தால் அந்த வேலைக்குத் தாங்கவில்லை. ஆனால் உயரம் மட்டும் 50 மீட்டரைத் தாண்டும். பதினைந்து மாடி!

இதைக் குவார்ட்டர்ஸ் தோட்டத்திலேயே நட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் நான் முதலில் சொன்னேன். அப்பா அண்ணாந்து மேலே காட்டினார். மின்கம்பி. "முப்பது வருசமா லைனுக்குக் கீழ இருக்கிற கிளையை வெட்டினவன் நான். இதையும் எவனாவது வந்து வெட்டணுமா?" இதற்கு என்ன பதில் சொல்ல? உச்சியை மட்டும் வெட்டிக் குட்டையாக வைக்கலாமே என்றால், அரக்கேரியாவில் அது நடக்காது. குருத்து போனால் அழகான அந்த அடுக்கு கெட்டுவிடும். பக்கக் கிளையை ஒடித்துப் பதியம் போட்டால் அது மேலே வளராமல் ஆயுசு முழுக்கப் பக்கவாட்டிலேயே படரும்.

கோவில் வளாகத்தில் கேட்டோம். அங்கே ஏற்கெனவே இப்படி ஒப்படைத்த தொட்டிகள் நாலைந்து நிற்கின்றன. காட்டில் கொண்டுபோய் நடலாம் என்று வகுப்பில் ஒருத்தன் சொன்னான். மேலே பெரியாறு புலிகள் காப்பகம், இந்தப் பக்கம் 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். வெளிநாட்டு மரத்தை அங்கே நடுவது சேவை இல்லை. கொடைக்கானல் புல்வெளிகளைச் சீமை வாட்டில் என்ன செய்திருக்கிறது என்று போய்ப் பார்த்தால் போதும். பெர்லின் மிருகக்காட்சி சாலையில் விற்காமல் மிஞ்சிய கிறிஸ்துமஸ் மரங்களை யானைக்குப் போடுகிறார்களாம். எங்கள் பக்கத்து யானை வேறு ரகம். 2023 மே மாதம் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்த அரிக்கொம்பன் பேர் வாங்கியதே அரிசி தின்றுதான் :-)

நியூ கலிடோனியா வகையில் ஒரு விசேஷம் உண்டு. அது நேராக வளராது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வு உலகம் முழுக்க அளந்து சொன்னது, அந்த மரங்கள் எங்கே நின்றாலும் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்கின்றன. சராசரியாக எட்டரை டிகிரி. நமக்கு அது தெற்கு. லோயர் கேம்பிலிருந்து தெற்கே கொஞ்சம் மேற்கே ஒதுங்கிப் பார்த்தால் பெரியாறு அணை இருக்கிறது. இதை அப்பாவிடம் சொன்னதும் மனிதர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எங்களுடையது நேராகத்தான் நிற்கிறது. வேறு வகையோ, இன்னும் வயது வரவில்லையோ. அதற்கப்புறம்தான் அவர் அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். இத்தனைக்கும் மூன்று வருடமாகத் தண்ணீர் ஊற்றியது அம்மாவும் நானும்!

தொட்டியில் வேரை அடக்கி வைத்தால் இந்த மரம் பல வருடம் ஆள் உயரத்தோடு நிற்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்ற வேண்டும், எங்களுடையதற்கு இப்போதே கெடு வந்துவிட்டது. பயம் கம்பத்து வெயிலில்தான். காய விட்டால் அடிக்கிளை பழுத்து உதிரும், உதிர்ந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. போன ஏப்ரலில் அப்படி ஓர் அடுக்கு போய்விட்டது. மொட்டை மாடியில் கிழக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி நிழல் மத்தியானத்துக்கு மேல் விழுகிறது. அந்த இடம் ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை டேப்போடு கம்பம் போனோம். மாடிப்படி அகலம் இரண்டே முக்கால் அடி. மரத்தின் அகலம் மூன்றேகால். அம்மாவின் பழைய நூல் புடவையால் கிளைகளை மேல்நோக்கி அணைத்துக் கட்டினால் ஏறிவிடும் என்கிறார் அப்பா. வீட்டுக்காரம்மா தொட்டியின் எடை என்ன, தளம் தாங்குமா என்று கேட்டிருக்கிறார்கள். மண்ணோடு நிறுத்துப் பார்க்க, ரேஷன் கடைக்குப் பக்கத்துக் காய்கறிக்காரரிடம் பெரிய தராசு சொல்லி வைத்திருக்கிறோம். வெயில் ஏறுவதற்குள், மார்ச் முதல் வாரத்தில், முதலில் மரம் போகும். பீரோவும் கட்டிலும் மே மாதம்.