ஃபில்லெட்டை அழித்தவன்

பம்பு உறைகளுக்குக் கணினியில் அழுத்தக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. மாடல் எவ்வளவு சிக்கலானாலும் சாயங்காலத்துக்குள் மெஷ் போட்டுவிடுவான், அதாவது கணக்குக்காக அதை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்துவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் நேர்மையாகச் சம்பாதிக்கவில்லை.

வடிவம் வரையும் கேட் மென்பொருளில் ஒழுங்காகத் தெரியும் உறை, ஸ்டெப் என்னும் பரிமாற்றக் கோப்பாகி மெஷ் மென்பொருளுக்குள் வரும்போது குலைந்துவிடும். பல கேட் மென்பொருள்களுக்கு உள்ளே இருக்கும் பாராசாலிட் என்னும் வடிவ எஞ்சின் ஒரு மீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குவரை துல்லியம் பார்க்கும். எல்லா மென்பொருளும் அப்படியில்லை. ஒன்றில் ஒட்டியிருந்த பரப்புகளுக்கு நடுவே இன்னொன்றில் மயிரிழை இடைவெளி விழும். ஒல்லிப் பரப்புகள் முளைக்கும். அவற்றின் அகலத்துக்கு எலிமென்ட்டுகளும் பொடியாகிப் பெருகும், அல்லது மெஷ் பாதியில் நின்றுவிடும். விளிம்பு விளிம்பாகப் பார்த்துத் தைக்க வேண்டும். நானோ, எவ்வளவு இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்னும் டாலரன்ஸை ஏற்றிவிடுவேன். இடைவெளியோடு சேர்ந்து வேறு என்னென்ன காணாமல் போயின என்று பார்த்ததில்லை.

இது சில்லறைத் திருட்டு. பெரியது ஃபில்லெட், அதாவது மூலையை மழுக்கும் வளைவு.

ஒரு பம்பில், இணைப்புத் தட்டான ஃபிளாஞ்சும் உறையும் சேரும் உள்மூலையில் 3 மி.மீ. ஃபில்லெட் இருந்தது. மெஷ் அங்கேதான் தொல்லை கொடுத்தது. அழித்துவிட்டேன். தகடு ஓரத்து ஃபில்லெட்டை அழித்தால் ஒன்றும் கெடாது; உள்மூலையில் அழித்தால் மூலை கூராகிவிடும். கூர்மூலையில் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும், ஓர் எண்ணில் நிற்காது. இதெல்லாம் படித்தவன்தான் நான். ஆகவே 6 மி.மீ. எலிமென்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். பாதுகாப்பான ஓர் எண் வந்தது. வந்ததா, வரவைத்தேனா என்று இப்போது கேட்டால், வரவைத்தேன்.

"மெஷ்ஷை மாற்றிப் பார்த்தாயா தம்பி?" என்று மூத்தவர் கேட்டார். "பார்த்துட்டேன் சார்" என்றேன். பார்க்கவில்லை. அறிக்கையில் "வடிவம் எளிமைப்படுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதி, நீலமும் பச்சையுமாக ஒரு படத்தை ஒட்டினேன். அந்தப் படத்தைப் பார்த்தபின் யாரும் எதுவும் கேட்பதில்லை.

உறை உடையவில்லை. வார்ப்படக்காரர்கள் கணினியை நம்பாமல் சுவரைக் கனமாகவே வார்த்தார்கள், சோதனையில் தேறிவிட்டது. என் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பாராட்டு எனக்கு வந்தது, வாங்கிக்கொண்டேன்.

அந்த அறிக்கை இன்னும் கோப்பில் இருக்கிறது. அதைக் காட்டி அடுத்த உறையின் கனத்தைக் குறைக்க யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். அந்த ஃபில்லெட்டை மீண்டும் வைத்து முதலிலிருந்து கணக்குப் போடுங்கள்.