உழைப்பவருக்கும் ஒரு நிழல்

அரபு மொழியில் நிழலுக்கு இரு சொற்கள் உண்டு. முற்பகல் நிழல் ‘ழில்லு’. உச்சி சாய்ந்தபின் கிழக்கே நீளும் நிழல் ‘ஃபைஉ’. திரும்பி வருதல் என்பது பின்னதன் வேர்ப்பொருள். பழைய அகராதி ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் குறித்து வைத்துள்ளனர். பாலை நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நிழல் போவதும் வருவதும் வாழ்வோடு ஒட்டிய செய்தி. ஆகவேதான் அதன் ஒவ்வொரு நிலைக்கும் பெயர் வைத்தார்கள் எனலாம். இப்பாடத்தை மாணவர்களுக்குச் சொல்லுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. போன நிழல் திரும்புமுன் உள்ள அந்த உச்சிப் பொழுதில், வேலையை விட்டு அகல முடியாதவர் எங்கே ஒதுங்குவார்?

சென்ற கோடையில் இக்கேள்வி நம் வாசலுக்கே வந்து சேர்ந்தது. உத்திரமேரூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் மாடித் தளத்திற்குக் கான்கிரீட் போட நாள் குறித்திருந்தனர். அக்னி நட்சத்திரம் முடியாத நேரம். முன்பெல்லாம் சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாகக் கலவையை மேலேற்றுவர். இப்போது அதற்கென ஒரு லாரி வந்துவிட்டது. அதன் முதுகில் மடித்து வைத்த இரும்புக் கை, யானை துதிக்கையை நீட்டுவதுபோல் மாடிக்கு மேலே நீள்கிறது. அதை ஒட்டிய குழாய் வழியே கலவை பாய்கிறது. இத்தகைய பம்புகளைச் செய்யும் ஸ்விங் ஸ்டெட்டர் ஆலைகள் நமக்கு அயலிலேயே, இருங்காட்டுக்கோட்டையிலும் செய்யாற்றிலும் உள்ளன.

அவ்வண்டியை இயக்க வந்தவர் சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவர். மார்பில் ரிமோட் பெட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் நனைந்த துண்டோடு, தளத்தின் ஓரத்தில் காலை ஒன்பது மணி முதல் நின்றிருந்தார். லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரமாகியும் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. ஒரு மிக்சர் லாரி போய் அடுத்தது வருவதற்குள் கீழே இறங்கி வந்தவரிடம் மோர் கொடுத்துவிட்டு, “தம்பி, வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? உள்ளே ஏசி போட்டுச் சற்று உட்காரலாமே” என்றோம்.

“போடலாம் ஹஜ்ரத். ஆனா வண்டி நின்னு பம்ப் ஓடும்போது ஏசி போடக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்கார். சும்மா உள்ளே போனா அடுப்புல உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதுக்கு வெளியே நிக்கிறதே மேல்” என்றார் அவர். சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் தம்முடன் வேலை செய்த உதவியாளர் கலவைத் தொட்டியின் அருகிலேயே மயங்கி விழுந்ததையும் சொன்னார். சொல்லும்போது அவர் விரல்களில் இலேசான நடுக்கம் இருந்தது. அந்த விரல்கள் அசைக்கும் இரும்புக் கையின் கீழேதான் அன்று பத்துப் பன்னிரண்டு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தனர்.

முதலாளியின் உத்தரவுக்குக் காரணம் என்ன என்று விசாரித்தோம். அவரிடமும் பேசினோம், வண்டி பழுது பார்ப்பவர்களிடமும் கேட்டோம். அறிந்தவற்றை வாசகர்களுக்குச் சொல்வது பயன் தரும்.

பம்பு லாரி நின்றவுடன் அதன் எஞ்சின் ஓய்வதில்லை. ‘பி.டி.ஓ.’ என்னும் இணைப்பு, சக்கரங்களுக்குப் போக வேண்டிய ஆற்றலைத் திருப்பி ஹைட்ராலிக் பம்புகளுக்கு அனுப்புகிறது. கலவையைத் தள்ளுவதும் இரும்புக் கையைத் தூக்குவதும் அந்த ஆற்றலே. ஆகவே வேலை முடியும்வரை எஞ்சின் உரத்து ஓடியாக வேண்டும். குளிர்சாதனத்தின் கம்ப்ரசரும் அதே எஞ்சினிலிருந்து பெல்ட் மூலம் சுழல்வதுதான். பெரிய பம்பு லாரியின் எஞ்சின் இருநூறு குதிரைத்திறனைத் தாண்டும். கம்ப்ரசர் கேட்பதோ ஒரு சில குதிரைத்திறன். நாள் முழுதும் எரியும் டீசலில் அதன் பங்கு மிகச் சிறியது. டீசல் கணக்கைக் காட்டி அதை மறுப்பது கல்யாணச் சாப்பாட்டில் ஊறுகாயை மட்டும் எண்ணிப் பரிமாறுவதைப் போன்றது.

இரண்டாவது காரணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. குளிர்சாதனம் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. அதைக் கடந்து சூடேறிய காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகிறது. சாலையில் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று துணை செய்யும். நிற்கும் வண்டிக்கு விசிறி ஒன்றே கதி. அத்துடன் சிமென்டுத் தூசி படிந்து தகடுகளின் இடைவெளி அடைபட்டுவிட்டால் எஞ்சின் கொதிக்கத் தொடங்கும். ஆயினும் இதற்கு மருந்து உண்டு. அன்றாடம் தகடுகளைச் சுத்தம் செய்வது, குளிர்நீரின் அளவைப் பார்ப்பது, விசிறியின் பெல்ட்டைக் கவனிப்பது, வெப்பமானியின் முள் ஏறினால் மட்டும் ஏசியை நிறுத்துவது. பராமரிப்பில் உள்ள குறைக்கு மனித உடம்பு ஈடு கொடுக்க வேண்டும் என்பது நியாயமாகுமா?

“ஏசி போட்டால் ஆள் தூங்கிவிடுவான்” என்பது மூன்றாவது காரணம். இரும்புக் கை அசையும்போது இயக்குபவர் வெளியில்தான் நிற்க வேண்டும். குழாயின் நுனியையும் மேலே போகும் மின்கம்பியையும் அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். அதில் தளர்வு கூடாது. அவருக்குக் கிடைப்பது லாரி மாறும் சில நிமிடங்களே. அதுவும் நீண்டுவிட்டால் குழாயில் நிற்கும் கலவை இறுகிவிடும் என்று அவ்வப்போது ஓரிரு தள்ளு தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இந்நிலையில் ‘உள்ளே ஏறும்போது மட்டும் ஏசி போட்டுக்கொள்’ என்று சொல்வதும் பயன்படாது. வெயிலில் மூடிக்கிடந்த அறை குளிர்வதற்குள் அச்சில நிமிடங்கள் தீர்ந்துவிடும். அறை முன்னமே குளிர்ந்திருந்தால்தான் ஏறியவுடன் உடம்பின் கொதிப்பு தணியும். அதற்காக உறைபனியாக வைக்க வேண்டியதில்லை. மிதமான குளிர்ச்சி போதும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விட்டு உறங்குவது மட்டும் ஆகாது. புகையின் நஞ்சு உயிரைக் குடித்துவிடும்.

இந்த விசாரிப்பில் நம்மை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி வேறொன்று. கான்கிரீட்டுக்கு வெயில் ஆகாது என்பதைப் பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிவர். இந்தியத் தர நிறுவனம் வெயிற்காலக் கான்கிரீட்டுக்கென்றே 1975இல் ஐ.எஸ். 7861 என்னும் விதிநூலின் முதற்பகுதியை வெளியிட்டது. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது என்ன செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. ஜல்லிக் குவியலுக்கு நிழல் அமைக்கலாம். அதன்மேல் நீர் தெளிக்கலாம். கலவை நீரில் பனிக்கட்டி சேர்க்கலாம். துபாயின் புர்ஜ் கலீஃபா எழும்பியபோது கோடைக் காலத்தில் இரவு நேரத்தில், பனிக்கட்டி சேர்த்த கலவையை ஊற்றினர். 2008இல் அக்கட்டடத்தில் 606 மீட்டர் உயரத்திற்குக் கலவையைப் பம்பு செய்தது உலகச் சாதனை. ஜல்லிக்கு நிழலும் கலவைக்குப் பனிக்கட்டியும் வேண்டும் என்று ஏட்டில் எழுதிய நாம், அக்கலவையை இறைப்பவருக்கு என்ன எழுதினோம்?

நம் சபராளிகள் உழைக்கும் வளைகுடா நாடுகளில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2005 முதல் கோடைக்கால நண்பகல் ஓய்வு நடைமுறையில் உள்ளது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தர் நாடு 2021இல் தன் தடை நேரத்தைக் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை நீட்டியது. ஆனால் அமீரகச் சட்டத்தில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஒத்திவைக்க இயலாதபோது கான்கிரீட் ஊற்றும் பணி தொடரலாம். அப்போது பணியாளருக்கு நிழலும் குடிநீரும் பிறவும் தர வேண்டும். கலவை காத்திராது என்பதனால், ஓய்வின்போதும் ஓய்வில்லாதவராக ஆகிறார் பம்பு இயக்குபவர். அவருக்கு அந்த ஓட்டுநர் அறையின் குளிர்ச்சி எத்துணை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் மாறுதல்கள் வந்துகொண்டிருக்கின்றன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 டிசம்பரில் பிறப்பித்த அறிவிப்பின்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயம். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. எனினும் சட்டம் குளிர்சாதனத்தைப் பொருத்தச் செய்யும். அதன் பொத்தானை அழுத்தும் உரிமையை வேலை கொடுப்பவரின் மனமே தர வேண்டும். பழைய வண்டிகளுக்கோ அந்தச் சட்டமும் இல்லை.

கடும் வெயிலில் லுஹர்த் தொழுகையைச் சற்றுத் தணிந்த வேளைக்குப் பிற்படுத்துவதை நம் மார்க்கச் சட்ட நூல்கள் ‘இப்ராத்’ என்ற பெயரால் பேசுகின்றன. இறைவனுக்குரிய கடமையிலேயே வெயிலுக்காக இடம் விடப்பட்டிருக்க, தளம் போடும் வேலையில் இடமில்லை என்று நாம் சொல்லலாகுமா?

நிர்வாகத்தாருடன் அமர்ந்து இதைப் பேசினோம். இரண்டாவது தளத்திற்கு ஒப்பந்தம் எழுதும்போது நான்கு வரிகள் சேர்க்கப்பட்டன. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் வேலை தொடங்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் நீடித்தால் பம்பை இயக்க இருவர் மாறி மாறி நிற்க வேண்டும். நிற்கும் இடத்தில் பெரிய குடையும் குடிநீரும் நாம் தருவோம். வண்டியின் ஏசி வேலை முடியும்வரை ஓடலாம். அதற்கான டீசல் செலவு மதரஸாவைச் சேரும். கடைசி வரியைக் கண்ட வண்டி முதலாளி சிரித்துக்கொண்டே, “அந்தக் காசை நான் வாங்க மாட்டேன் ஹஜ்ரத். எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும்” என்றார். அன்று தளம் பத்தரை மணிக்கே முடிந்துவிட்டது.

எழுதி வைப்பது இவ்வூருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919இலும் 921இலும், ஏரி வாரியம் முதலிய குழுக்களுக்கு யார் வரலாம், யார் வரலாகாது என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் இவ்வூரார். ஊர்ப் பொதுக் காரியங்கள் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நடப்பதில்லை, எழுதிய சொல்லும் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வீடு கட்டும் குடும்பங்களும் பள்ளிவாசல் கட்டும் ஜமாஅத்துகளும் கம்பிக்கும் சிமென்டுக்கும் பல நாள் விலை விசாரிக்கிறோம். பம்பு வண்டிக்கு வாடகை பேசும் அந்த ஐந்து நிமிடத்தில், “வண்டியில் ஏசி ஓடுமா? ஓட்டுபவர் அதைப் போடலாமா?” என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுவோம். வாடகை கொடுப்பவர் கேட்டால் முதலாளி செவிசாய்ப்பார். தொழிலாளி கேட்டால் வேலை போகலாம். ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.