கறுப்பு போனும் கந்தக பூமியும்

'சிவகாசிப் பக்கம் போறேன்'னு ஹாஸ்டலில் வாயைத் திறந்தாலே போதும்... "மச்சி, எனக்கு ரெண்டு பாக்ஸ் வெடி!" என்று ஆர்டர் குவியும். ஆனால், நான் போனது வெடிக்காக இல்லை பாஸ், போனுக்காக! ஓட்டையில் விரலை விட்டு 'கிர்ர்ர்...' என்று சுற்றுவோமே, அந்தக் கறுப்பு போன். அதைத் தேடிப் பிடித்து, கழற்றி மாட்டி, மறுபடி பேசவைக்கிற ரிட்டயர்டு லைன்மேன் ஒருவர் விருதுநகரில் இருக்கிறார். "பேரெல்லாம் போடாத தம்பி, போனைப் பத்திப் போடு" என்பது அவர் கண்டிஷன். ஸோ, நமக்கு அவர் அண்ணாச்சி!

விலை சொன்ன போன்

விருதுநகர் பஜாரில் கால் வைத்ததுமே வத்தல் நெடி மூக்கில் ஏறி ரெண்டு தும்மல் போட வைக்கிறது. பருப்பு, மிளகாய், எண்ணெய் என்று மொத்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறக்கும் ஊர். பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று தனியாக விலைப்பட்டியல் வருகிற அளவுக்குப் பிரபலம். "காலையில விலை தெரியலைன்னா மண்டியைத் திறந்தும் புண்ணியம் இல்ல. அந்த விலை போனதும் வந்ததும் இதுலதான்" என்று ஒரு போனைத் தூக்கிக் கையில் கொடுத்தார் அண்ணாச்சி. அம்மாடி, என்னா கனம்!

அவர் வீட்டு அலமாரியில் இருப்பதில் பாதிக்கு மேல் ஐ.டி.ஐ. போன்கள். பெங்களூரில் 1948-ல் ஆரம்பித்த இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தயாரிப்பு. நடுவில் ஒரு போனுக்கு மட்டும் டயலே இல்லை. மொட்டை முகம். "இதுல எப்படி அண்ணாச்சி நம்பர் போடுறது?" என்றால் சிரிக்கிறார். "நீ ஏன் போடணும்? எடுத்தா எக்ஸ்சேஞ்சுல இருந்து ஆள் கேக்கும். நம்பரைச் சொன்னா வயரைச் சொருகிக் குடுக்கும். வெளியூர்னா டிரங்க்கால் புக் பண்ணிட்டு உக்காந்திருக்கணும்." ஆபரேட்டர் தயவு இல்லாமல் நாமே வெளியூருக்கு டயல் செய்கிற எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலாக வந்தது 1960-ல், லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே. நம்ம பக்கம் வர இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்த ஸ்ட்ரோஜர் யார் தெரியுமா? அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்கு நடத்தித் தரும் கடைக்காரர்! தனக்கு வர வேண்டிய கால்களை ஆபரேட்டர் போட்டிக் கடைக்குத் திருப்பி விடுவதாக அவருக்குச் சந்தேகம். 'ஆபரேட்டரே வேணாம்' என்று மெஷின் செய்து, 1891-ல் பேட்டன்ட்டும் வாங்கிவிட்டார். வியாபாரி ரோஷம் எந்த ஊரிலும் ஒண்ணுதான்!

விரல் செய்யும் கணக்கு

டயலின் ரகசியம் ரொம்ப சிம்பிள். நாம் சுற்றும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகும், அவ்வளவுதான். விரலை எடுத்த பிறகு திரும்பி வருகிறதே, அப்போதுதான் வேலை நடக்கும். 5 சுற்றினால் லைன் ஐந்து முறை அறுந்து அறுந்து ஒட்டும். 0 என்றால் பத்து முறை. செகண்டுக்குப் பத்து துடிப்பு வீதம் ஒரே வேகத்தில் வருகிற மாதிரி உள்ளே இருக்கும் குட்டி கவர்னர் பார்த்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்ச் அந்தத் துடிப்புகளை எண்ணும்.

அந்தக் காலத்து வீடுகளில் பில்லுக்குப் பயந்து டயல் ஓட்டையில் குட்டிப் பூட்டு போட்டு வைப்பார்களாம். நம்ம சீனியர் தலைமுறை அசருமா? ரிசீவர் வைக்கிற கொண்டியையே 'டக் டக் டக்' என்று தட்டி நம்பர் போட்டிருக்கிறார்கள். அதுவும் லைனை அறுத்து ஒட்டுகிற வேலைதானே!

"டயல் இழுத்து இழுத்து வருதா? பழைய எண்ணெய் பிசினாயிருக்கும். சுத்தமாத் துடைச்சு வாட்ச் எண்ணெய் ஒரு சொட்டு விடு. பேச்சு கரகரங்குதா? பேசுற பக்கத்துல இருக்குற கார்பன் தூள் கட்டியிருக்கும். மெள்ளத் தட்டிக் கொடு" என்று கிளாஸ் எடுக்கிறார் அண்ணாச்சி. ஈரம் அந்தக் கார்பன் தூளுக்கு ஆகாது. பட்டாசு மருந்துக்கும் ஆகாது. இந்த மாவட்டத்தின் வறண்ட வானம் ரெண்டுக்கும் தோஸ்து.

நிஜமான எதிரி பழைய இரும்புக் கடை. கறுப்பு ஓடு பேக்லைட். அதை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அதனால் கடைக்காரருக்கு அது குப்பை. சுத்தியலால் ஒரே போடு... உள்ளே இருக்கிற செம்பும் பித்தளையும் தராசுக்குப் போய்விடும். அந்தச் சுத்தியலுக்கு முன்னால் போய் நிற்பதுதான் அண்ணாச்சியின் ஹாபி.

மணி வேண்டாம்!

மறுநாள் சிவகாசி. "ஒரு ரிப்பேர் இருக்கு, வா" என்று அண்ணாச்சி பஸ் ஏற்றினார். ஆமத்தூர், திருத்தங்கல் என்று வெயிலோடு முக்கால் மணி நேரம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தீப்பெட்டித் தொழிலில் ஆரம்பித்து, பட்டாசு, அச்சகம் என்று வளர்ந்த ஊர். ஆர்டர் எல்லாம் வெளியூரிலிருந்து என்பதால் இங்கேயும் போன்தான் உயிர்நாடி.

ஆனால், பட்டாசு ஆலைக்குள் போனும் மருந்தும் ஒரே அறையில் இருக்க முடியாது. டயல் சுற்றும்போது லைன் அறுந்து ஒட்டுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொறி பறக்கலாம். மருந்து அறைக்கு அந்த ஒரு பொறி போதும். போன் இருக்க வேண்டிய இடம் மருந்துக்குத் தள்ளி, ஆபீஸ் அறை. அப்படி ஓர் ஆபீஸில் பல வருஷம் கணக்கு எழுதியவர்தான் நாங்கள் பார்க்கப் போன தாத்தா. ஆபீஸில் புது போன் வந்தபோது, பழசைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார்.

இப்போது அவர் வீட்டில் ஃபைபர் கனெக்‌ஷன். கறுப்பு போனை அந்தப் பெட்டியில் சொருகினால் மணி அடிக்கிறது, பேசவும் முடிகிறது. டயல் செய்தால் மட்டும் நோ ரெஸ்பான்ஸ். புதுப் பெட்டிகள் பலவற்றுக்கு பட்டன் போனின் 'டோன்' பாஷைதான் தெரியும். துடிப்பை எண்ணத் தெரியாது. இது நம்ம ஏரியா! துடிப்பை எண்ணி டோனாக மாற்றித் தருகிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சர்க்யூட்டை ஹாஸ்டலிலேயே செய்து எடுத்துப் போயிருந்தேன். மாட்டி முடித்ததும், "தாத்தா, மணியையும் சரிபண்ணி கணீர்னு ஆக்கிடவா?" என்று கேட்டேன்.

"மணி வேண்டாம்யா. அதை நிப்பாட்டத்தான் உங்களை வரச் சொன்னேன்" என்றார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "வெளியூர் யாவாரி காலையிலயும் சாயங்காலமும் கூப்பிடுவாங்க. மத்தியானம் மணி அடிச்சா மட்டும் கை நடுங்கும். எந்த ஷெட்டுன்னு கேக்கணும். யாராருன்னு கேட்டு எழுதணும். வாசல்ல பொம்பளைங்க வந்து நிப்பாங்க. அந்தப் பேரைச் சொல்ற வேலை எனக்கு. எத்தனை வருஷமானாலும் இந்தச் சத்தம் மட்டும் போக மாட்டேங்குதுய்யா."

பேப்பரில் படித்திருக்கிறோம். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகள். எனக்கு அவை செய்தி. அவருக்கு அவை மணிச் சத்தம்.

"அப்புறம் ஏன் தாத்தா இதை வெச்சிருக்கீங்க?"

"எம் மகளுக்கு முதமுதல்ல வரன் வந்த சேதியும் இதுலதான்யா வந்துச்சு. தூக்கிப் போட முடியுமா?"

அண்ணாச்சி எதுவும் பேசவில்லை. மூடியைக் கழற்றினார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்து, சுத்திக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் சொருகினார். தாத்தா எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எதையும் வெட்டவில்லை. ஃபைபர் பெட்டி மணியைக் கொடுத்து டயலைப் பறித்திருந்தது. தாத்தாவுக்கு வேண்டியதோ டயல் மட்டும்!

மகளின் செல் நம்பரைச் சுற்றினார். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு முன்னால் 0 போட வேண்டும் என்பது 2021 ஜனவரி முதல் விதி. ஆக மொத்தம் 11 எண்கள். ஒவ்வொன்றும் சாவகாசமாகத் திரும்பி வர, நானும் அண்ணாச்சியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "யாத்தா... அப்பா பேசுறேன். ஆபீஸ் போன்ல இருந்து" என்று அவர் ஆரம்பித்ததும் நாங்கள் நைஸாக வாசலுக்கு வந்துவிட்டோம்.

நீங்களும் ரெடியா?

* பளபள பித்தளை 'ஆன்டிக்' போன்களைப் பார்த்து மயங்காதீர்கள். அலங்காரத்துக்கென்றே புதுசாகச் செய்கிறார்கள். கனம், அடியில் இருக்கும் முத்திரை, திருகுகளின் தேய்மானம் மூன்றையும் பாருங்கள்.

* லைனைக் கழற்றிவிட்டுத்தான் போனைத் திறக்கணும். மணி அடிக்கும்போது அந்த வயரில் 75 வோல்ட் வரை ஏ.சி. ஓடும். ஷாக் நிச்சயம்!

* பேக்லைட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மெட்டல் பாலிஷும் பழைய பனியன் துணியும் போதும்.

* முக்கியமாக, ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் போன் யாருடையது, என்னென்ன சேதி கேட்டது என்று விசாரியுங்கள். எதைச் சரிபண்ணணும், எதைச் சும்மா விடணும் என்பதை அதன் சொந்தக்காரர்தான் சொல்லணும். இது அண்ணாச்சி போட்ட ரூல்.