பிசிக்ஸ்ல 68

மே மாசம் எங்க பக்கம் மஞ்சளுக்கு பார் ஓட்டுற நேரம். ப்ளஸ் டூ ரிசல்ட்டும் அதே மாசம்தான் வரும். ஒரு பாடத்துல மார்க் குறைஞ்சா வீடே இழவு வீடு மாதிரி ஆயிடும். மத்த அஞ்சு பாடத்துல என்ன வாங்கியிருந்தாலும் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

போன வருஷம் பக்கத்துக் காட்டுக்காரர் மகளுக்கு அப்படித்தான் ஆச்சு. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து படிச்ச புள்ளை. கணக்குல 97, கெமிஸ்ட்ரி 94, பிசிக்ஸ் 68. அந்தப் பள்ளியில பாதி வருஷம் பிசிக்ஸுக்கு வாத்தியாரே இல்லை. செய்முறைத் தேர்வுக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10, ரெண்டும் முழுசா வாங்கிட்டா. அப்போ எழுத்துத் தேர்வுல 70க்கு 38தான்.

ரிசல்ட் வந்த மறுநாளே தனியார் கல்லூரி ஏஜென்ட்டுகிட்ட இருந்து போன். அவங்கப்பா எங்கிட்ட வந்தார். “இந்த மார்க்குக்கு கவர்மென்ட் காலேஜ் எங்கீங்ணா கிடைக்கப் போகுது? காட்டை அடமானம் வெச்சுப்போட்டு மேனேஜ்மென்ட் சீட்டே வாங்கிப்போடலாம்னு இருக்கேனுங்க.”

ஒன்றரை ஏக்கர் காடு. அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதே அதுதான். “பொறு தம்பி, மொதல்ல கணக்குப் போட்டுப் பார்ப்போம்”னு சொல்லி நோட்டை எடுத்தேன்.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கட்-ஆஃப் 200க்கு. கணக்கு மார்க்கை அப்படியே எடுத்துக்குவாங்க. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டையும் பாதியாக்கிச் சேர்ப்பாங்க. 97, 34, 47. மொத்தம் 178. பிசிக்ஸ்லயும் 94 வாங்கியிருந்தா 191 வந்திருக்கும். அந்த ஒரு பாடம் தின்னது 13 மார்க். இதே 68 கணக்குல வந்து, பிசிக்ஸ்ல 97 வந்திருந்தா கட்-ஆஃப் 163.5தான். மார்க் எவ்வளவு குறைஞ்சதுங்கிறதை விட எந்தப் பாடத்துல குறைஞ்சதுங்கிறதுதான் பெரிய விஷயம்.

13 மார்க் ஒண்ணும் சின்னதில்லை. கிண்டி மாதிரி கல்லூரிக்கு அரை மார்க்குக்கே அடிதடி. ஒரே கட்-ஆஃப்ல நிறையப் பேர் நிப்பாங்க. அப்ப மொதல்ல கணக்கு மார்க், அடுத்து பிசிக்ஸ் மார்க்னு பார்த்துத்தான் வரிசை போடுவாங்க. வாத்தியார் இல்லாத கதையை எழுத அந்த விண்ணப்பத்துல இடமே கிடையாது. மஞ்சள் மண்டியிலயும் அப்படித்தான். வியாபாரி ஒரு கைப்பிடி சாம்பிளைப் பார்த்து விலை சொல்லுவார், மழை பெய்யலையான்னு கேட்க மாட்டார். ஆனா மண்டியில விலை பிடிக்கலைன்னா மூட்டையைக் கட்டி வெச்சிருக்கலாம். கவுன்சிலிங் தேதி யாருக்காகவும் நிக்காது.

“பெரியப்பா, அப்போ கிண்டி அவ்வளவுதானா?”ன்னு புள்ளை கேட்டா.

“கிண்டி கஷ்டம்தான் கண்ணு. ஆனா கதவு அது ஒண்ணு மட்டுமில்லை”ன்னேன்.

ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. இன்ஜினியரிங்குக்கு 2021ல வந்தது. அதுக்குத் தனி ரேங்க் பட்டியல். அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசே கட்டும். இது அவங்கப்பாவுக்குத் தெரியவே தெரியாது. ஏஜென்ட் ஏன் சொல்லப் போறான்?

விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். மறுகூட்டல் கேட்க அதுல ஒண்ணும் இல்லை, 68 சரிதான். அப்புறம் ரெண்டு நாள் உட்கார்ந்து விருப்பக் கல்லூரிப் பட்டியலை நீளமா, ஆசைப்படுற வரிசையிலயே போட்டோம். கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் வரலை. அரசுக் கல்லூரி ஒண்ணுல சிவில் கிடைச்சது. புள்ளைக்கு வருத்தம் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா காடு அடமானத்துக்குப் போகலை. இந்த வருஷமும் அதுல மஞ்சள் நட்டிருக்காங்க.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடமா இருக்கும். ஊர்ல இருக்கிற சொந்தத்துலயோ, உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா வீட்டுலயோ ப்ளஸ் டூ முடிச்ச புள்ளை இருந்தா, ஏஜென்ட் போன் வர்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு போன் பண்ணுங்க. கூட்டிக் கழிச்சுச் சொல்ல பத்து நிமிஷம் போதும்.