அடிபட்ட மான்

என் நாவலொன்றில் கதாநாயகன் சுட்ட மான் அடிபட்டு ஓடிவிடும். அத்தோடு அத்தியாயமும் முடிந்துவிடும். வாசகர்கள் அதை ரசித்தார்கள். நானும் மறந்துவிட்டேன்.

பென்ஸில்வேனியாவில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது அது நினைவுக்கு வந்தது. அடுத்த வீட்டுக் கிழவர் தம் பேத்தியின் மான் வேட்டைக்காகத் தாமே தோட்டா அடைத்துக்கொண்டிருந்தார். 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் ரகம். அதன் உதைக்குப் பயந்து பெண் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிவிடுகிறாளாம்.

"குறி தவறினால் மான் சாகாது, புண்ணோடு காட்டுக்குள் ஓடும். ஐம்பது கஜத்தில் நிற்கும் மானுக்கு முழு வேகம் எதற்கு?" என்றார். மருந்தும் குண்டின் எடையும் குறைந்தால் உதையும் குறையும்.

"இன்னும் குறைத்தால்?" என்று கேட்டேன்.

கிழவர் தராசிலிருந்து கையை எடுத்தார். "மெதுவாக எரியும் மருந்தை மிதமிஞ்சிக் குறைத்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். இது எச் 4895. இதைக்கூட உச்ச அளவில் 60 சதவிகிதத்துக்குக் கீழே இறக்கக்கூடாது. புத்தகம் பார்க்காமல் நான் ஒரு தோட்டாவும் அடைப்பதில்லை."

ஒரு மான் துடிக்கக்கூடாது என்பதற்கு இவ்வளவு கவலை!

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்த வேண்டும். அடிபட்ட மானைத் தேடிப் போகாதவனைக் கதாநாயகன் என்று சொல்ல இனி எனக்கு மனம் வராது.