தூக்குச் சட்டி ஐஸும் அரை ஏக்கர் மலைவாழையும்

சித்திரை மாதம் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து மலைவாழைத் தார் கிடக்கும். எல்லாம் வியாபாரி கழித்துப் போட்டவை. காய் சிறுத்தது, குரங்கு கடித்தது, தோலில் கரும்புள்ளி விழுந்தது. வெட்டிய நாலாம் நாள் வீடு முழுக்கப் பழ வாசனை அடிக்கும். ஆறாம் நாள் ஈ மொய்க்கும். தின்றது போக மாட்டுக்குப் போடுவோம்.

எங்கள் தோட்டம் தாண்டிக்குடிக்குக் கீழே இருக்கிறது. இரண்டரை ஏக்கர். காபி, அதனூடே மிளகு, நிழலுக்கு முள்முருங்கையும் சில்வர் ஓக்கும். ஓடை ஓரமாக அரை ஏக்கர் மலைவாழை. போன சித்திரையில் மகன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு லீவுக்கு வந்தான். வந்த மறுநாளே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்த வாழையை எடுத்துட்டு பட்டர் ஃப்ரூட் வச்சிரலாம். காட்டுமாடு ஒரு பக்கம், குரங்கு ஒரு பக்கம். மிச்சத்தையும் திண்ணையில போட்டு ஈ ஓட்டுறீங்க” என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. தார் வெட்ட ஆள் இல்லை. கூலியும் வண்டிச் சத்தமும் போக நிற்பது கொஞ்சம்தான். ஆனாலும் எனக்குச் சட்டென்று சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அரை ஏக்கரை வைத்தது எங்கள் வீட்டுக்காரர். அவர் போய் நாலு வருடம் ஆகிறது.

அந்தப் பேச்சு அப்படியே நிற்க, பேத்தி ஒரு வேலை வைத்தாள். ஒன்பது வயது. பெங்களூரில் பர்கர் கடையில் தின்ற சாக்லேட் ஐஸ் வேண்டுமாம். “குச்சி ஐஸ் இல்ல அப்பத்தா. கப்ல இருக்கும். குடிக்கவும் முடியாது, கடிக்கவும் முடியாது. ஸ்பூன்ல வழிச்சுச் சாப்பிடணும்” என்று கையால் காட்டினாள்.

மருமகள்தான் விளக்கினாள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1969-ல் டேவ் தாமஸ் என்பவர் வெண்டிஸ் என்ற பர்கர் கடையைத் திறந்தபோது, ‘ஃப்ராஸ்டி’ என்று ஒன்றை விற்றாராம். மில்க் ஷேக்குக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் இருக்கிற பதம். முழுச் சாக்லேட்டாக இருந்தால் திகட்டும் என்று வெனிலாவைப் பாதி கலந்தாராம். இன்றைக்கு அந்த மாதிரி பதத்தில் எத்தனையோ கடைகளில் கிடைக்கிறது.

கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனால் அடங்குவாள் என்று ஏரிப் பக்கம் அழைத்துப் போனோம். கடைக்குக் கடை ‘ஹோம் மேட் சாக்லேட்’ என்று போர்டு. “இங்கதான் சாக்லேட் மரம் இருக்கா அப்பத்தா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் மேலே. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும். கோகோ மரம் அந்தக் குளிரைத் தாங்காது. அது சூடும் ஈரமும் நிழலும் கேட்கிற மரம். நம் மாநிலத்தில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்குள் ஊடுபயிராக வைத்திருக்கிறார்கள். காயை உடைத்து, சதையோடு விதையை ஆறு நாள் போல நொதிக்க விட்டு, பிறகு வெயிலில் காயப்போட்டுத்தான் விற்கிறார்கள். அந்த நொதிப்பு இல்லாவிட்டால் எவ்வளவு வறுத்தாலும் சாக்லேட் மணம் வராது. மலைமேல் பல கடைகளில் நடப்பது, கட்டியாக வரும் சாக்லேட்டை உருக்கி அச்சில் வார்க்கிற வேலை. அதைக் குறை சொல்லவில்லை. எது எங்கே விளைகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

அங்கேயே கோகோ பவுடர் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு இறங்கினோம். வீட்டில் செய்து பார்ப்பது என்று முடிவு.

முதல் தடவை கெட்டுப்போனது. பாலைக் காய்ச்சி, நாலு கரண்டி கோகோ, கொஞ்சம் சீனி போட்டு, கிண்ணத்தில் ஊற்றி, ஃப்ரிட்ஜின் மேல் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்தேன். நடுவில் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது. காலையில் எடுத்தால் கருங்கல். சுரண்டினால் பனிக்கட்டி தனியாக நறநறவென்று வந்தது, கசப்பு வேறு. பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, “பரவாயில்லை அப்பத்தா” என்றாள். பிள்ளைகள் ‘பரவாயில்லை’ என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

ஏன் இப்படி ஆனது என்று யோசித்தேன். பாலில் முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீர். மெதுவாக உறையும்போது அந்தத் தண்ணீர் பெரிய பெரிய கட்டியாகிறது. சீக்கிரம் உறைய வேண்டும், உறையும்போது கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் கட்டி பொடியாக நிற்கும், நாக்கில் வழவழப்பு வரும். இன்னொன்று, தண்ணீர் குறைவாகவும் இனிப்பும் சதையும் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

இது எனக்குப் புதிய பாடமாகத் தோன்றவில்லை. பழனி பஞ்சாமிர்தத்தின் சூத்திரமே இதுதான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையைத் தேடுவதற்குக் காரணம், அந்தப் பழத்தில் நீர்ப்பிடிப்பு குறைவு, சதை கெட்டி. வேறு பழம் போட்டால் இளகி, புளித்துவிடும். பஞ்சாமிர்தம் இளகாமல் இருக்க எது காரணமோ, அதுவே ஐஸ் கல்லாகாமல் இருக்கவும் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். பழமோ திண்ணையிலேயே கிடக்கிறது.

மகனை வத்தலக்குண்டுக்கு அனுப்பி, சாக்குப் பையில் உமி போட்டு ஐஸ் கட்டி வாங்கிவரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். இரண்டாம் தடவை செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். நாலு பேருக்குச் சிறு டம்ளர் அளவு வரும்.

பசும்பால் அரை லிட்டரை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சவும். இரண்டு மேசைக்கரண்டி கோகோ பவுடரைக் கொஞ்சம் பாலில் கட்டியில்லாமல் குழைத்து, கொதிக்கிற பாலில் விட்டு ஐந்து நிமிடம் கிண்டவும். கோகோ கொதித்தால்தான் மாவு வாசனை போகும். இரண்டு கரண்டிக்கு மேல் போட வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து இறக்கவும். நன்றாக ஆறிய பிறகே ஐந்து மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை சேர்க்க வேண்டும். சூட்டில் போட்டால் பால் திரிந்துபோகும். கரைந்ததும் வடிகட்டவும், மண் இருந்தால் நின்றுவிடும். உரித்தபின் கால் கிலோ வருகிற அளவு, நன்றாகக் கனிந்த மலைவாழையை மிக்ஸியில் மசிய அரைத்து இதில் கலக்கவும். இனிப்பைக் கையிருப்பாகக் குறைத்தால் கல்லாகும். அள்ளிப்போட்டால் உறையவே உறையாது.

கலவையை மூடியுள்ள எவர்சில்வர் தூக்குச் சட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி ஊற்றவும். அகலமான வாளியில் உடைத்த ஐஸ் மூன்று கிலோவும் கல்லுப்பு ஒரு கிலோவும் அடுக்கடுக்காகப் போட்டு, நடுவில் தூக்கைப் பதிக்கவும். வெறும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் நிற்கும். உப்பு சேர்ந்தால் ஐஸ் வேகமாக உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றிலும் இருந்து இழுக்கும். அதனால் குளிர் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கக்கூடும். வெறும் கையை விடாதீர்கள், தோல் பொத்துவிடும். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்து, ஓரத்தில் ஒட்டியதை மரக்கரண்டியால் வழித்து நடுவே தள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

அந்தத் தூக்குச் சட்டி, எங்கள் வீட்டுக்காரருக்கு நான் தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோனது. மகனும் பேத்தியும் மாறி மாறித் திருப்பினார்கள். திருப்பிக்கொண்டிருக்கும்போது அவள், “தாத்தாதான் இந்த வாழை வச்சாரா?” என்று கேட்டாள். அப்போதுதான் அவன் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொன்னான்.

என் மாமனார் காலத்தில் கீழ்ப்பழனி மலை முழுக்க மலைவாழைதான். 1970-களில் முடிக்கொத்து நோய் புகுந்தது. இலை சிறுத்து, குருத்து ஒரே கொத்தாக உச்சியில் நிற்கும்; தார் தள்ளாது. அசுவினி பரப்பும் வைரஸ் அது, மருந்து கிடையாது. 18,000 ஹெக்டேராக இருந்த பரப்பு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எங்கள் தோட்டத்திலும் மாமனார் எல்லாவற்றையும் தோண்டி எறிந்தாராம். பிற்பாடு எங்கள் வீட்டுக்காரர் நல்ல கன்றாகத் தேடி, கொஞ்சம் கொஞ்சமாக அந்த அரை ஏக்கரைத் தேற்றினார். வாரம் ஒரு முறை ஒவ்வொரு தூராகப் பார்ப்பார். சந்தேகப்பட்டால் முதலில் அசுவினிக்கு மருந்தடித்துவிட்டு, பிறகு தூரோடு கிழங்கையும் தோண்டி எடுப்பார். அடிக்காமல் தோண்டினால் பூச்சி பக்கத்துத் தூருக்கு ஏறிவிடும் என்பார். இதையெல்லாம் மகன் மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தேன். ஒன்றுவிடாமல் சொன்னான்.

மூடியைத் திறந்தபோது கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. பேத்தி வழித்து வாயில் வைத்தாள். “கடையில இருக்கிற மாதிரி இல்ல” என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “இதுல வாழைப்பழம் மணக்குது. இதுதான் நல்லாயிருக்கு” என்று மறு கரண்டி எடுத்தாள். மகன் தூக்கை வழித்துத் துடைத்தே வைத்துவிட்டான்.

ஐஸ் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி. பழத்தை வட்டமாக நறுக்கித் தட்டில் பரப்பியும், கோகோ பாலை ஐஸ் தட்டில் ஊற்றியும் தனித்தனியே உறைய வைத்து, சாப்பிடும் நேரத்தில் இரண்டையும் ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் ஓரளவு அந்தப் பதம் வரும். உருகியதைத் திரும்ப உறைய வைத்துச் சாப்பிட வேண்டாம்.

மிஞ்சிய உப்புத் தண்ணீரை வாழைத் தூரிலோ காபிச் செடியிலோ ஊற்றிவிடாதீர்கள். பேத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே வாழைக்குத்தான் போனாள். ஓடிப்போய்த் தடுத்து, வண்டிப் பாதையில் புல் முளைத்த இடத்தில் ஊற்ற வைத்தேன்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் ஐஸ் வாங்கும்போது டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘ஐஸ்கிரீம்’ என்றால் கொழுப்பு பாலில் இருந்து வந்தது; சாதாரண ஐஸ்கிரீமில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று போட்டிருந்தால் அதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். நாம் பாலுக்கு விலை இல்லை என்று புலம்பிக்கொண்டே, நம் பிள்ளைகளுக்கு எது என்று பார்க்காமல் வாங்கித் தருகிறோம்.

அன்று ராத்திரி மகன் கணக்குப் போட்டான். ஐஸ், உப்பு, பால், கோகோ, ஆள் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, “இது யாவாரத்துக்கு ஆகாதும்மா” என்றான்.

“யாவாரம்னு யாருப்பா சொன்னா?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “பட்டர் ஃப்ரூட்டை மேல் வரப்போரமா வைப்போம். ஓடைப் பக்கம் அப்படியே இருக்கட்டும்” என்றான். மறுநாள் காலையில் தூர் தூராக நடந்து பார்த்தோம். இரண்டு தூரில் குருத்து சந்தேகமாக இருந்தது. மருந்தடித்துவிட்டு அவனே தோண்டினான். அந்த இரண்டு குழிக்கு, வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது இடுப்பளவு வந்திருக்கிறது.

திண்ணையில் இன்னும் கழிவுத் தார் கிடக்கத்தான் செய்கிறது. விலையும் பெரிதாக மாறிவிடவில்லை. ஆனால் வாரம் ஒரு முறை தூரைப் பார்க்க நான் போகிறேன். பேத்தி போனில் கேட்பது ஒன்றுதான்: “அப்பத்தா, பழம் இருக்குமில்ல?”

இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.