குகைக்குள் கொண்டுபோகும் வெளிச்சம்

மேகாலயாவில் சோராவுக்கு அருகிலுள்ள மாம்ளூ குகைக்குத் தை மாதத்தில் போவதென நாங்கள் நால்வர் முடிவுசெய்தோம். அக்குகையின் தரையிலிருந்து வளர்ந்த சுண்ணாம்புக் கூம்பு ஒன்றைச் சான்றாகக் கொண்டுதான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய புவிக்காலத்திற்கு 2018இல் ‘மேகாலயன்’ என்று பெயரிட்டார்கள். உள்ளே சில இடங்களை நீரில் இறங்கித்தான் கடக்கவேண்டும். ஆகவே விளக்கு பற்றிய விவாதம் எங்கள் நல்லூரிலேயே தொடங்கிவிட்டது.

“தண்ணியில போட்டாலும் எரியுமுங்க” என்றார் கடைக்காரர். பெட்டியில் ஐ.பி.எக்ஸ். 4 என்று அச்சிட்டிருந்தது. அது தெறிக்கும் நீரைத் தாங்கும், மூழ்கினால் பொறுப்பில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவது 7. அதற்கு மேற்பட்டது 8. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கவேண்டும்.

எரியும் நேரத்தையும் அப்படியே நம்புவதற்கில்லை. எஃப்.எல். 1 என்னும் அளவுமுறையில், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரம் முழுவதும் கணக்கில் சேரும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமன், முதல் சில நிமிடங்களுக்கு மட்டுமே கிடைப்பதாகவும் இருக்கலாம்.

பனியன் ஊர்க்காரர்களான எங்களுக்கு ஒன்று மட்டும் எவரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. ஒரே துணி, கம்பெனியில் ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் ஒரு நிறம், கடைக் குழல்விளக்கின்கீழ் வேறொரு நிறம். நீலம் பாய்ந்த எல்.இ.டி. வெளிச்சத்தில் ஈரக் களிமண்ணும் உறுதியான பாறையும் ஒன்றுபோலவே தோன்றும். கால் வைக்குமிடத்தில் அவ்வேறுபாடு முக்கியம். எனவே வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் நிறத்தைச் சரியாகக் காட்டும், தூரம் பாயாமல் அகலமாகப் பரவும் விளக்குகளையே தேர்ந்தோம்.

எத்தனை என்பதில்தான் சச்சரவு. ஆளுக்கு மூன்று என்பது குகையேறிகளின் பழைய விதி. “பன்னிரண்டு விளக்கா? ஒருவருடையது அணைந்தால் அடுத்தவர் வெளிச்சத்தில் திரும்பிவிடலாமே” என்றார் நண்பர். தவழ்ந்து மட்டுமே செல்லக்கூடிய இடுக்கில், முன்னே போகிறவரின் உடலே அவருடைய வெளிச்சத்தை மறைத்துவிடும் என்றதும் அமைதியானார். தலைக்கவசத்தில் இரண்டு, கழுத்துக் கயிற்றில் ஒன்று என்று ஏற்பாடாயிற்று.

வாங்கியவற்றை அண்டா நீரில் அரைமணி நேரம் மூழ்கவைத்தோம். ஒன்றின் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. திறந்து பார்த்தால், மூடியின் ரப்பர் வளையத்தில் ஓர் இழைப் பஞ்சு! நிட்டிங் கம்பெனிகள் நிறைந்த ஊரில் அது எங்கிருந்து வந்ததென்று கேட்கவா வேண்டும்? துடைத்து, சிலிக்கான் கிரீஸ் பூசி மூடியபின் நீர் புகவில்லை. ஓர் இழைக்கே இப்படியென்றால், குகைக்குள் சேற்றுக் கையோடு பேட்டரி மாற்றுவது எவ்வளவு விபரீதம்! மூன்று விளக்கின் அவசியம் அந்த நண்பருக்கும் அப்போதுதான் முழுதாக விளங்கியது. அணைந்ததைத் திறக்காமல் அடுத்ததை ஏற்றுவது என்று பேசிக்கொண்டோம்.

பன்னிரண்டுக்கும் ஒரே வகை லித்தியம் பேட்டரி. உதிரிகளை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துச்செல்லவேண்டும் என்பதால், முனைகளில் டேப் ஒட்டித் தனியே வைத்திருக்கிறோம்.